தீப்பாறையும் படிவுப்பாறையும்: பிறப்பைக் கண்டறிந்து பெயரிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் பெயரைத் தேடி ஓடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. கறுப்பாக இருந்தால் பசால்ட், புள்ளி புள்ளியாக மின்னினால் கிரானைட், வரி வரியாக இருந்தால் படிவுப்பாறை என்று முடிவுகட்டிவிட்டு, பிறகு அந்தப் பெயருக்குப் பொருந்தும் அடையாளங்களைக் கல்லில் தேடத் தொடங்குகிறோம். தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். முதலில் பார்க்க வேண்டியது துகளும் துகளும் எப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை. அதிலிருந்து கல் பிறந்த விதம் தெரியும். பெயர் கடைசியில் வரட்டும்.

இந்த வரிசையை வலியுறுத்தக் காரணம் உண்டு. தீப்பாறைகளை வகைப்படுத்தும் விதிகள், உருகிய குழம்பில் என்ன இருந்தது, அது எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது என்று கேட்கின்றன. படிவுப்பாறைகளை வகைப்படுத்தும் விதிகள், துகள் எவ்வளவு பெரியது, எதனால் ஆனது, துகள்களுக்கு நடுவில் எவ்வளவு சேறு இருக்கிறது, நீரிலிருந்து அது தானாகப் படிந்ததா, உயிர்கள் கட்டியதா என்று கேட்கின்றன. ஒரு குழுவின் அளவுகோலை மற்றதன் மேல் வைத்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் பெயர் தவறாகவே வரும்.

தீப்பாறை பிறக்கும் விதம்

பூமிக்குள் எங்கும் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மேலோட்டுக்குக் கீழேயுள்ள மூடகம் பெரும்பாலும் திடப்பாறைதான். சூடாக இருந்தாலும் அழுத்தம் அதை உருகவிடுவதில்லை. அது உருகுவதற்கு மூன்று வழிகள் உண்டு. சூடான பாறை மேலே எழும்பும்போது அழுத்தம் குறைந்து உருகலாம். நடுக்கடல் முகடுகளில் நடப்பது இதுதான். ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும்போது அதிலிருந்து வெளியேறும் நீர் மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்தலாம். எரிமலைத் தீவு வரிசைகள் இப்படி வருகின்றன. மூன்றாவதாக, மேலேறிவந்த சூடான குழம்பு சுற்றியுள்ள கண்ட மேலோட்டையே சூடாக்கி உருக்கலாம். கிரானைட் வகைகளில் கணிசமான பங்கு இந்த மூன்றாவது வழியோடு தொடர்புடையது.

பசால்ட் குழம்பின் வெப்பம் ஏறத்தாழ 1000 முதல் 1200 டிகிரி செல்சியஸ். சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) மிகுந்த ரயோலைட் குழம்பு ஏறத்தாழ 650 முதல் 850 டிகிரியிலேயே நகரும், ஆனால் மிகவும் பாகுத்தன்மையோடு. குழம்பு ஆழத்திலேயே தங்கி மெல்லக் குளிர்ந்தால் படிகங்கள் வளர நேரம் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பருமணிப் பாறை உருவாகிறது. மேற்பரப்பில் கொட்டி விரைவாகக் குளிர்ந்தால் நுண்மணிப் பாறை வரும். படிகம் உருவாகவே அவகாசமில்லாமல் உறைந்தால் அப்சிடியன் போன்ற எரிமலைக் கண்ணாடி மிஞ்சும். சிலிக்கா மிகுந்த குழம்பில்தான் இது எளிதாக நடக்கிறது, ஏனெனில் அந்தப் பாகில் அணுக்கள் நகர்ந்து படிகமாக ஒழுங்குபெறுவது கடினம்.

"பெரிய படிகம் என்றால் மெல்லக் குளிர்ந்தது" என்ற விதி பெரும்பாலும் சரி, ஆனால் மிகப் பெரிய படிகங்களைக் கொண்ட பெக்மடைட் என்ற தீப்பாறையில் பொய்த்துப்போகும். அதில் படிகங்கள் சில சென்டிமீட்டரிலிருந்து மீட்டர் கணக்கு வரை வளர்வதற்குக் குழம்பின் கடைசி மிச்சத்தில் நீரும் மற்ற ஆவியாகும் பொருள்களும் செறிந்திருப்பதே முக்கியக் காரணம். அணுக்கள் எளிதில் நகர முடிகிறது, புதிய படிகக் கருக்கள் குறைவாகவே தோன்றுகின்றன, இருப்பவை பெரிதாகின்றன.

குழம்பு குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பாறையியலாளர் நார்மன் போவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வகத்தில் உருக்கிக் குளிர்வித்துக் காட்டிய வரிசைப்படி, முதலில் ஆலிவைன், பிறகு பைராக்சீன், ஆம்ஃபிபோல், பயோடைட் என்று இரும்பும் மக்னீசியமும் கொண்டவை வருகின்றன. அதே வேளையில் மறுபக்கம் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் கால்சியம் மிகுந்ததிலிருந்து சோடியம் மிகுந்ததாக மெல்ல மாறிவருகிறது. பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், மஸ்கோவைட், குவார்ட்ஸ் மூன்றும் கடைசியில். இந்த வரிசை மனதில் இருந்தால், ஒரு கல்லில் எந்தக் கனிமங்கள் சேர்ந்து இருக்கும், எவை சேராது என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். குவார்ட்ஸும் மக்னீசியம் மிகுந்த ஆலிவைனும் ஒரே கல்லில் அருகருகே இருப்பதாகத் தோன்றினால், இரண்டில் ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

படிவுப்பாறை பிறக்கும் விதம்

போவன் வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் படிவுப்பாறையின் கதை தொடங்குகிறது. நிலவியலாளர் சாமுவேல் கோல்டிச் 1938இல் காட்டியது இது: மிக உயர்ந்த வெப்பத்தில் உருவான ஆலிவைன்தான் பூமியின் மேற்பரப்பில் மிக விரைவாகச் சிதைகிறது, கடைசியில் உருவான குவார்ட்ஸ் மிகக் கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது. ஒரு கிரானைட் மலை சிதையும்போது ஃபெல்ட்ஸ்பார் களிக்கனிமமாக மாறுகிறது, பயோடைட் துருப்பிடித்து உதிர்கிறது, குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. கடற்கரை மணல் பல இடங்களில் பெரும்பாலும் குவார்ட்ஸாக இருப்பதற்கும், மணற்கல்லில் ஆலிவைன் மிக அரிதாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

உடைந்த துகளை ஆறு, காற்று, பனியாறு, அலை ஆகியவை கொண்டுபோகின்றன. நீரும் காற்றும் அளவுவாரியாகப் பிரித்துப் போடுகின்றன: வேகம் குறையும் இடத்தில் முதலில் கூழாங்கல், பிறகு மணல், அசைவே இல்லாத நீரில் சேறு. பனியாறு அப்படிப் பிரிப்பதில்லை. பாறாங்கல்லும் மாவு போன்ற தூளும் ஒன்றாகவே கொட்டிக் கிடக்கும். பயணம் நீள நீளத் துகளின் முனைகள் மழுங்குகின்றன. ஆனால் மணல் அளவுத் துகள் மழுங்குவதற்கு மிக நீண்ட காலம் ஆகும். கூழாங்கல் சில கிலோமீட்டர் தூரத்திலேயே உருண்டையாகத் தொடங்கிவிடும். ஆகவே உருண்டைத்தன்மையைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும்போது துகளின் அளவையும் சேர்த்தே பாருங்கள்.

படிந்தது கல்லாவதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். மேலே சேரும் பாரத்தால் துகள்கள் நெருங்கி நீர் வெளியேறுகிறது. சேற்றில் இந்த இறுக்கம் மிக அதிகம், மணலில் குறைவு. அடுத்து, துகள்களுக்கு இடையே ஓடும் நீரிலிருந்து பிணைப்புப் பொருள் படிகிறது. கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்), சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகிய மூன்றும்தான் அடிக்கடி காணப்படும் பிணைப்புகள். சிலிக்கா பிணைத்த கல் மிக உறுதி. கால்சைட் பிணைத்தது அமிலத்தில் நுரைக்கும். இரும்பு ஆக்சைடு துகளின் மேல் மெல்லிய பூச்சாக இருந்தாலே கல் முழுவதும் சிவந்து தெரியும், ஆகவே சிவப்பு நிறத்தைப் பார்த்து இரும்பு மிகுந்த கல் என்று எண்ணிவிட வேண்டாம்.

துகள் சேராமலும் படிவுப்பாறை பிறக்கும். சிப்பி, பவளம், நுண்ணுயிர் ஓடுகள் குவிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. தாவரங்கள் புதைந்து நிலக்கரி ஆகின்றன. அடைபட்ட கடல்நீர் வற்றும்போது முதலில் சிறிது கால்சியம் கார்பனேட்டும், நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சமும், பத்தில் ஒரு பங்காகும்போது உப்பும் படிகின்றன.

பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைப் படிவுப்பாறையும் படிவுகளும் மூடியிருக்கின்றன. மேலோட்டின் கனஅளவில் அவற்றின் பங்கோ மிகச் சிறியது. நாம் நடக்கும் இடத்தில் படிவுப்பாறை கிடைப்பதற்கான வாய்ப்பு அதிகம், ஆனால் அது மெல்லிய போர்வைதான்.

இரண்டு பிறப்புகளையும் பிரித்தறிவது எளிதான காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் கற்பித்த ஆபிரகாம் வெர்னரும் அவரைப் பின்பற்றியவர்களும் பசால்ட்கூட நீரில் படிந்ததே என்று நம்பினார்கள். அது நுண்மணிக் கல். படுக்கை படுக்கையாகப் படிவுப்பாறைகளுக்கு நடுவே கிடக்கும். அதனால் அந்த நம்பிக்கை முட்டாள்தனமானது அல்ல. நிகோலா தெமரே பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் பசால்ட் தூண்களைப் பின்தொடர்ந்து பழைய எரிமலை வாய்கள் வரை சென்று சேர்ந்தார். ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தின் கிளென் டில்டில், கிரானைட் நரம்புகள் பழைய பாறைக்குள் புகுந்து ஓடுவதைக் கண்டார். ஜேம்ஸ் ஹால் பசால்ட் வகைக் கற்களை உலையில் உருக்கி, வேகமாகக் குளிர்ந்தால் கண்ணாடியும் மெல்லக் குளிர்ந்தால் படிகக் கல்லும் வருவதைக் காட்டினார். கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து இந்த வாதம் தீரவில்லை. கல் தன் சுற்றத்தோடு எப்படித் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே தீர்ப்புச் சொன்னது. கீழே வரும் படிகள் அதே வழியில் செல்கின்றன.

கையில் வைத்திருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பாறைச் சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி, எஃகுக் கத்தி, நூலில் கட்டிய சிறு காந்தம், அளவுகோல், சொட்டுக் குப்பியில் நீர், இன்னொரு சொட்டுக் குப்பியில் சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் கிடைக்கும் அடர் அமிலம் ஏறத்தாழ 37 சதவீதம் என்றால், 3 பங்கு நீரில் 1 பங்கு அமிலம் சேர்த்தால் 10 சதவீதத்தை ஒட்டி வரும். அமிலத்தைத்தான் நீரில் மெல்ல ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து திறந்தவெளியில் செய்யுங்கள். அமிலம் கிடைக்காவிட்டால், கல்லைத் தூளாக்கி வினிகர் விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் தூள் மெல்லக் குமிழும்.

சுத்தியலால் தட்டும்போது பாறைச் சுத்தியலையே பயன்படுத்துங்கள். ஆணி அடிக்கும் சாதாரணச் சுத்தியலின் கடினப்படுத்திய முகம் கல்லில் மோதிச் சில்லாகத் தெறிக்கக்கூடும்.

படி 1: புதிய முகத்தை உடைத்துப் பாருங்கள்

வெளித்தோலை நம்பாதீர்கள். கறுப்புப் பசால்ட்டின் தோல் பழுப்பாகவும், வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லின் தோல் கறுப்பாகவும் இருக்கலாம். சிதைந்த கிரானைட்டின் மேற்பரப்பில் ஃபெல்ட்ஸ்பார் மாவாகி குவார்ட்ஸ் துருத்திக்கொண்டு நிற்கும். லென்ஸ் வழியே பார்த்தால் மணற்கல் போலவே தோன்றும். உள்ளங்கை அளவு துண்டு போதும். ஒரு முகம் புதியதாகவும் மறுமுகம் பழையதாகவும் இருக்கும்படி உடைத்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

படி 2: கல் கிடந்த இடத்தைப் படியுங்கள்

தளத்தில் ஒட்டியிருக்கும் பாறை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. படிவுப்பாறையில் தேட வேண்டியவை: அடுக்குகள், அடுக்குக்குள் சாய்ந்து வெட்டும் குறுக்கடுக்குகள், அலைத் தடங்கள், சேறு காய்ந்து வெடித்த பலகோண விரிசல்கள், அடியில் பருமனாகத் தொடங்கி மேலே போகப் போக நுணுகும் துகள்கள், புதைபடிவங்கள். தீப்பாறையில் தேட வேண்டியவை: பக்கத்துப் பாறைக்குள் புகுந்த நரம்புகள், அதன் துண்டுகளை விழுங்கிய இடங்கள், சுட்டுக் கருகிய விளிம்பு, லாவாவின் மேற்பகுதியில் வாயுக் குமிழிகள், ஐங்கோண அறுகோணத் தூண்கள்.

இங்கே ஏமாற்றும் மூன்று காட்சிகள் உண்டு. கிரானைட் மலையில் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளவுகள் ஓடும்; மேலே இருந்த பாரம் நீங்கியதால் வந்த பிளவுகள் அவை. தகட்டின் இருபுறமும் கனிமங்களும் படிக அளவும் மாறாமல் இருந்தால் அது படிவடுக்கு அல்ல. பசால்ட் வெங்காயத் தோல் போல உரிந்து உரிந்து உருண்டைப் பாறைகளாகக் கிடக்கும். ஆற்றில் உருண்டு வந்த கற்கள் என்று நினைக்கத் தோன்றும். உருண்டைகளுக்கு நடுவே சிதைந்த பசால்ட் மண் அதே இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ரயோலைட்டில் லாவா நகர்ந்ததால் வந்த பட்டைகள். அவை மடிந்து சுழன்று கிடக்கும், துகள் அளவு பட்டைக்குப் பட்டை ஒழுங்காக மாறாது.

படிவுகளுக்கு நடுவே கிடைமட்டமாகக் கிடக்கும் பசால்ட் படுக்கை லாவாவாக வழிந்ததா, பின்னால் உள்ளே நுழைந்ததா என்பதற்கு மேல் விளிம்புதான் சாட்சி. மேலேயுள்ள படிவும் சுட்டுக் கடினமாகியிருந்தால் உள்ளே நுழைந்தது. கீழே மட்டும் சுட்டு, மேல்பகுதி குமிழிகளோடு சிதைந்து, அதன் துண்டுகள் மேலேயுள்ள படிவுக்குள் கிடந்தால் லாவா.

படி 3: துகளும் துகளும் தொடும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். புதிய முகத்தை நனைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் கல்லை அருகே கொண்டுவாருங்கள். லென்ஸைக் கல்லின் மேல் பிடித்துத் தூரத்திலிருந்து பார்ப்பதால் எதுவும் தெரியாது.

தீப்பாறையில் படிகங்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் விளிம்பு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். நடுவில் இடமே இருக்காது. முதலில் வளர்ந்த கனிமத்துக்கு நேரான முகங்கள் இருக்கும். கடைசியில் வந்த குவார்ட்ஸ் மிச்சமிருந்த இடத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கும். துகள்சார் படிவுப்பாறையில் ஒவ்வொரு துகளும் தனக்கென்று தேய்ந்த வெளிவடிவத்தோடு இருக்கும். நடுவே வேறு பொருள் இருக்கும், அல்லது வெற்றிடம் இருக்கும்.

உறுதி செய்ய ஒரு சொட்டு நீர் விடுங்கள். புதிய கிரானைட்டில் சொட்டு மேலேயே நிற்கும். பல மணற்கற்களில் சில விநாடிகளில் உள்ளே இறங்கும். பிறகு உடைந்த முகத்தைப் பாருங்கள்: தளர்வாகப் பிணைந்த மணற்கல் துகளைச் சுற்றி உடைவதால் முகம் சொரசொரப்பாக, விரலில் மணல் ஒட்டும். படிகப் பாறையில் உடைப்பு படிகங்களை ஊடறுத்துச் செல்லும். சிலிக்கா நன்றாகப் பிணைத்த மணற்கல்லும், அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி உருவான குவார்ட்சைட்டும் இந்தச் சோதனையில் படிகப் பாறை போலவே நடந்துகொள்ளும். இந்த இரண்டிலும் ஏறத்தாழ எல்லாமே குவார்ட்ஸ். கிட்டத்தட்ட முழுவதும் குவார்ட்ஸான பெரிய தீப்பாறைத் திரள் கிடைப்பது மிக அரிது. குவார்ட்ஸ் நரம்பு மட்டும் விதிவிலக்கு.

இந்தப் படியின் கடினமான தேர்வு கிரானைட்டும் ஆர்கோஸும். ஆர்கோஸ் என்பது கிரானைட் உடைந்து, அதிக தூரம் போகாமல், ஃபெல்ட்ஸ்பார் சிதையும் முன்பே புதைந்து உருவான மணற்கல். அதே குவார்ட்ஸ், அதே இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், அதே மைக்கா (பயோடைட், மஸ்கோவைட் போன்ற தகட்டுக் கனிமம்). கனிமப் பட்டியலால் பிரிக்க முடியாது. மைக்காவைக் கவனியுங்கள்: ஆர்கோஸில் தகடுகள் பெரும்பாலும் அடுக்குக்கு இணையாகப் படுத்திருக்கும், விளிம்பு நைந்து வளைந்திருக்கும், கிரானைட்டில் பல திசைகளில் நிமிர்ந்து நிற்கும். ஃபெல்ட்ஸ்பாரின் மூலைகள் உடைந்திருக்கின்றனவா, அண்டைப் படிகத்தோடு பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 4: தீப்பாறை என்றால் இப்படிப் பெயரிடுங்கள்

முதலில் மணியளவு. பொதுவாகப் பயன்படும் எல்லைகள்: 5 மில்லிமீட்டருக்கு மேல் பருமணி, 1 முதல் 5 வரை நடுத்தரம், 1க்குக் கீழே நுண்மணி. நுண்மணிப் பின்னணியில் பெரிய படிகங்கள் பதிந்திருந்தால் குளிர்தல் இரண்டு கட்டமாக நடந்திருக்கிறது; பெயருக்கு முன்னால் "போர்ஃபிரி வகை" என்று சேர்த்து, பின்னணியின் மணியளவைக் கொண்டே பெயரை முடிவு செய்யுங்கள். பெரிய படிகங்களை அளந்து பருமணி என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்து சேர்மம். சிலிக்காவின் எடைச் சதவீதப்படி 45க்குக் கீழே மீகாரப் பாறை, 45 முதல் 52 காரப் பாறை, 52 முதல் 63 இடைநிலை, 63க்கு மேல் அமிலப் பாறை. இங்கே அமிலம், காரம் என்பவை பழைய வழக்கில் வந்த பெயர்கள். சுவையோடும் வினையோடும் தொடர்பில்லை. ஒரே சேர்மம் ஆழத்தில் உறைந்தால் ஒரு பெயர், மேலே உறைந்தால் வேறு பெயர்: கிரானைட்டுக்கு ரயோலைட், டயோரைட்டுக்கு ஆண்டிசைட், காப்ரோவுக்குப் பசால்ட்.

பருமணிப் பாறைக்குத் துல்லியமான பெயர் வேண்டுமென்றால் எண்ண வேண்டும். பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியம் ஏற்றிருக்கும் முறை, ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசனின் பணியிலிருந்து வந்தது. குவார்ட்ஸ், கார ஃபெல்ட்ஸ்பார் (பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் சேர்ந்த குழு), பிளாஜியோகிளேஸ், ஃபெல்ட்ஸ்பத்தாய்டு (சிலிக்கா போதாத குழம்பில் ஃபெல்ட்ஸ்பாருக்குப் பதிலாக வருவது) ஆகிய நான்கை மட்டும் கணக்கில் எடுக்கும். கறுப்புக் கனிமங்கள் 90 சதவீதத்தைத் தொடாதவரை அவற்றை விலக்கிவிடலாம். ஒளி ஊடுருவும் தாளில் 10க்கு 10 புள்ளிக் கட்டம் வரையுங்கள். புள்ளி இடைவெளி படிக அளவைவிடப் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக இருந்தால் ஒரே பெரிய படிகம் பல புள்ளிகளை விழுங்கிவிடும். தாளைச் சமமான முகத்தில் வைத்து ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் எந்தக் கனிமம் என்று எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டாக 100 புள்ளிகளில் குவார்ட்ஸ் 28, கார ஃபெல்ட்ஸ்பார் 34, பிளாஜியோகிளேஸ் 26, பயோடைட் 12 என்று வந்தால், பயோடைட்டை விலக்கியதும் மொத்தம் 88. குவார்ட்ஸ் 88இல் 28, அதாவது 32 சதவீதம். ஃபெல்ட்ஸ்பார்கள் 60இல் பிளாஜியோகிளேஸ் 26, அதாவது 43 சதவீதம். குவார்ட்ஸ் 20 முதல் 60க்குள்ளும், பிளாஜியோகிளேஸ் பங்கு 10 முதல் 65க்குள்ளும் இருந்தால் கிரானைட். இந்தக் கல் கிரானைட். இதே குவார்ட்ஸோடு பிளாஜியோகிளேஸ் பங்கு 65 முதல் 90 வரை இருந்திருந்தால் கிரானோடயோரைட், 90ஐத் தாண்டியிருந்தால் டோனலைட். கல் வணிகத்தில் மெருகேறும் கடினக் கல் எல்லாமே "கிரானைட்" என்று விற்கப்படுகிறது. கறுப்புக் கிரானைட் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் காப்ரோவோ, பசால்ட்டின் நடுத்தர மணி வகையான டாலரைட்டோ.

எண்ணும்போது தவறு வரும் இடம் ஃபெல்ட்ஸ்பார்தான். குவார்ட்ஸ் சாம்பல் நிறக் கண்ணாடி போல, பிளவுத் தளம் இல்லாமல், வளைவாக உடையும். ஃபெல்ட்ஸ்பாரைத் திருப்பினால் தட்டையான பிளவுத் தளம் சட்டென்று மின்னும். பிளாஜியோகிளேஸின் பிளவுத் தளத்தில் நேரான மிக நுண்ணிய இணைகோடுகள் தெரியும். இளஞ்சிவப்பு என்றால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற குறுக்குவழி பல நேரம் சரி. ஆனால் அது வெள்ளையாகவும் இருக்கும், அப்போது கோடுகளே துணை. கண்மதிப்பில் மட்டும் சொன்னால் கறுப்புக் கனிமங்களின் பங்கு எப்போதும் கூடுதலாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் குறையும்.

நுண்மணி எரிமலைப் பாறையில் இப்படி எண்ண முடியாது. அங்கே வேதிப் பகுப்பாய்வு செய்து, சிலிக்காவுக்கு எதிராக சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையை வரைபடத்தில் குறித்துப் பெயரிடுவார்கள். சிலிக்கா 45 முதல் 52, ஆக்சைடுகளின் கூட்டு 5 சதவீதத்துக்குள் என்றால் பசால்ட். பகுப்பாய்வு இல்லாதபோது அடர்த்தி கைகொடுக்கும்: உலர்ந்த எடை 540 கிராம், நூலில் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்தியபோது 355 கிராம் என்றால், 540ஐ வித்தியாசமான 185ஆல் வகுக்க 2.92 வரும். பசால்ட் வழக்கமாக 2.8 முதல் 3.0 வரை, கிரானைட் 2.65ஐ ஒட்டி. குமிழிகள் இருந்தால் எண் குறைந்துவிடும், ஆகவே கெட்டியான துண்டையே எடுங்கள். தொங்கும் காந்தம் பசால்ட் பக்கம் சாய்வதும் துணைச் சான்று, அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமத்தால்.

படி 5: படிவுப்பாறை என்றால் இப்படி

அமிலச் சொட்டிலிருந்து தொடங்குங்கள். பலமாக நுரைத்து, கழுவிய பிறகு கல் கரைந்த பள்ளம் மட்டும் இருந்தால் சுண்ணாம்புக்கல். நுரைத்த பின் மணல் மிஞ்சினால் கால்சைட் பிணைத்த மணற்கல். முழுக்கல்லில் நுரைக்காமல், கத்தியால் சுரண்டிய தூளில் மட்டும் மெல்ல நுரைத்தால் டாலமைட். இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் பசால்ட்: அதன் குமிழிகளிலும் விரிசல்களிலும் பின்னால் கால்சைட் நிரம்பியிருக்கும், அங்கே நுரைக்கும். சொட்டை எந்த இடத்தில் விட்டோம் என்று லென்ஸில் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

துகள்சார் பாறைக்கு 1922இல் நிலவியலாளர் வெண்ட்வொர்த் வகுத்த அளவுகள் இன்றும் பயன்படுகின்றன. 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, 2 முதல் 1/16 மில்லிமீட்டர் வரை மணல், 1/16 முதல் 1/256 வரை வண்டல், அதற்கும் கீழே களி. சரளைகள் உருண்டையாக இருந்தால் காங்லோமரேட், கூர்முனையோடு இருந்தால் பிரெச்சியா. களியும் வண்டலும் சேர்ந்தது மெல்லிய தகடுகளாகப் பிரிந்தால் ஷேல், பிரியாவிட்டால் மண்கல். தட்டினால் கணீரென்று ஒலித்து, பழைய அடுக்குக்குக் குறுக்கே பிளந்தால் அது ஸ்லேட். உருமாறிய பாறைக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

மணற்கல்லுக்குத்தான் உண்மையான வேலை. இரண்டு கேள்விகள்: இடையே உள்ள நுண்சேறு எவ்வளவு, துகள்கள் எவை? நுண்சேறு 15 சதவீதத்துக்குள் என்றால் அரினைட்; அதற்கு மேல் 75 வரை வாக்கே. பிறகு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத் துணுக்கு ஆகிய மூன்றை மட்டும் நூறாக்கிப் பாருங்கள். கட்டத்தாளில் குவார்ட்ஸ் 58, ஃபெல்ட்ஸ்பார் 26, பாறைத் துணுக்கு 4, பிணைப்பு 9, சேறு 3 என்று வந்தால், மூன்றின் கூட்டு 88. ஃபெல்ட்ஸ்பார் பங்கு 29.5 சதவீதம். சேறு குறைவு, ஃபெல்ட்ஸ்பார் 25ஐத் தாண்டியது, ஆகவே ஆர்கோஸ். குவார்ட்ஸ் 95க்கு மேல் என்றால் குவார்ட்ஸ் அரினைட். பிணைப்பையும் சேற்றையும் ஒன்றாகக் கணக்கிடுவதுதான் இங்கே பெரும் பிழை: சேறு துகளோடு கூடவே படிந்தது, பிணைப்பு பின்னால் நீரிலிருந்து படிந்தது. பிணைப்பைச் சேறு என்று எண்ணினால் அரினைட் வாக்கேயாகிவிடும், அமைதியற்ற நீரில் படிந்த மணலுக்குச் சேற்று நீரின் வரலாறு எழுதிவிடுவீர்கள்.

கத்தியால் கீறும்போதும் கவனம். தளர்ந்த மணற்கல்லில் கத்தி தடம் பதிக்கும். அது துகள் பெயர்ந்த தடம், குவார்ட்ஸ் கீறப்பட்ட தடம் அல்ல. மாறாக, குவார்ட்ஸின் மேல் வெள்ளிக்கோடு விழுந்தால் அது கத்தியின் உலோகம், துடைத்தால் போகும்.

சுண்ணாம்புக்கல்லுக்கு நிலவியலாளர் டன்ஹாம் 1962இல் தந்த முறை களத்தில் மிக எளிது. சுண்ணச் சேறும் துகளும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதே கேள்வி. சேற்றில் துகள் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால் மட்ஸ்டோன். அதற்கு மேல் இருந்தும் துகள்கள் சேற்றில் மிதந்தால் வேக்ஸ்டோன். துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நின்று நடுவில் சேறு இருந்தால் பேக்ஸ்டோன். சேறே இல்லாவிட்டால் கிரெயின்ஸ்டோன். பவளம் போல உயிர்களே வளரும்போது கட்டிப்பிணைத்தது பவுண்ட்ஸ்டோன். ஜிப்சத்தை நகத்தால் கீறலாம், பாறை உப்பு நீரில் கரையும். இவற்றுக்கு வேறு சடங்கு தேவையில்லை.

படி 6: இரண்டு வீட்டுக்கும் உரிமை உள்ளவை

எரிமலைச் சாம்பல் குழம்பில் பிறந்து, காற்றிலிருந்து படிவு போல விழுகிறது. 2 மில்லிமீட்டருக்குக் கீழே சாம்பல், 64 வரை லாப்பிலி, அதற்கு மேல் எரிமலைக் குண்டும் பாறைத்துண்டும். இத்தகைய எரிமலைத் துணுக்குகள் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தீப்பாறை வரிசையில் சேர்த்து டஃப் (எரிமலைச் சாம்பல் கல்) முதலிய பெயர்களிடலாம். 25 முதல் 75 வரை டஃபைட். 25க்குக் கீழே போனால் படிவுப்பாறை விதிகளே பொருந்தும். லென்ஸில் வளைந்த கண்ணாடிச் சில்லுகளும், நசுங்கித் தட்டையான நுரைக்கல் துணுக்குகளும் தெரிகின்றனவா என்று தேடுங்கள்.

கார்பனடைட் இன்னும் கடினம். அமிலத்தில் நுரைக்கும், பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போலிருக்கும், ஆனால் குழம்பிலிருந்து உறைந்தது. தான்சானியாவின் ஓல் தோயின்யோ லெங்காய் எரிமலை இன்றும் கார்பனேட் லாவாவைக் கக்குகிறது. அபடைட், மேக்னடைட் படிகங்கள் கால்சைட்டோடு பூட்டியிருப்பதும், சுற்றிலும் காரத்தன்மை மிகுந்த தீப்பாறைகள் இருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 7: குறிப்பெழுதுங்கள்

பார்த்ததை முதல் வரியிலும், பெயரைக் கடைசி வரியிலும் எழுதுங்கள். "புதிய முகம் அடர்சாம்பல்; மணி 1 மில்லிமீட்டருக்குக் கீழே; 3 மில்லிமீட்டர் பச்சைப் படிகங்கள் சில; காந்தம் சாய்கிறது; அமிலத்தில் குமிழி நிரப்பில் மட்டும் நுரை; அடர்த்தி 2.92, கீழ்விளிம்பில் மட்டும் சுட்ட ஷேல், ஆலிவைன் பசால்ட் லாவா." பெயர் பின்னால் மாறினாலும் மேலுள்ள வரிகள் மாறாது.

முடிவுக்கு வர முடியாத கல்லை 0.03 மில்லிமீட்டர் மென்சீவலாகச் செதுக்கி முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பலாம். அனுப்பும் துண்டில் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இடுங்கள். அடுக்கு தெரிந்தால் அதற்குச் செங்குத்தாக வெட்டச் சொல்லுங்கள். அடுக்குக்கு இணையாக வெட்டிய சீவலில் துகள்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படிந்தன என்பது தெரியாது. முடிவு வரும்வரை குறிப்பேட்டில் "கரிய நுண்மணித் தீப்பாறை" என்றோ "கார்பனேட் பிணைத்த மணற்கல்" என்றோ, கண்ணால் உறுதி செய்த அளவுக்கு மட்டும் பெயரிடுங்கள்.